ரைடு லோன்சம் (1959): மெதுவா போற குதிரையும் ஒத்த மரமும்

ஒத்தையடிப்பாதை எழுதியது:

நேத்து ராத்திரி ரைடு லோன்சம் படத்த மூணாவது தடவையா பாத்தேன், அப்புறம் தூக்கமே வரல, அதான் காலைல எந்திரிச்சதும் இழை ஆரம்பிச்சுட்டேன். கௌபாய் காலத்து வெஸ்டர்ன் கதை, மொத்தமே 73 நிமிஷம்தான் படம். பட் பெட்டிக்கர் டைரக்‌ஷன், பர்ட் கென்னடி எழுத்து, ரண்டால்ஃப் ஸ்காட் ஹீரோ, கொலம்பியா கம்பெனி 1959ல வெளியிட்டது. முடிவ பத்தி பேசாம இந்தப் படத்த பத்தி பேச முடியாது, அதனால பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, ஒண்ணேகால் மணி நேரம் கூட ஆகாது.

கதை இவ்ளோதான். பென் பிரிகேட்னு ஒருத்தன், தேடப்படுற ஆளுங்கள பிடிச்சுக் குடுத்து காசு வாங்குறவன். கொலை பண்ணிட்டு ஓடிவந்த பில்லி ஜான்ங்கிற பையன பாறைங்களுக்கு நடுவுல வெச்சுப் பிடிக்கிறான், சான்டா குரூஸ் ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும், அங்க தூக்கு. பில்லியோட அண்ணன் ஃபிராங்க் ஆளுங்களோட பின்னாடியே வர்றான். வழில கோச்சு வண்டிக்கு குதிரை மாத்துற ஒரு ஸ்டேஷன், அங்க புருஷன் திரும்பி வருவான்னு காத்துட்டிருக்குற மிஸஸ் லேன், கூடவே பூன், விட்னு ரெண்டு பேர். இவங்க மேல பழைய கேஸ் இருக்கு. பில்லிய யாரு கொண்டுபோயி ஒப்படைக்கிறாங்களோ அவங்க பழைய குத்தமெல்லாம் மன்னிச்சு விட்ருவோம்னு அரசாங்கம் சொல்லிருக்கறதால இவங்களுக்கும் அந்தப் பையன் வேணும். ஆக அஞ்சு பேரு, அஞ்சு குதிரை, பாறை, வானம், பின்னாடி துரத்துறவன். வேற எதுவுமே கிடையாது, ஒரு ஊர் தெரு கூட படத்துல வராது.

முதல் தடவை பாத்தப்ப எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. துரத்தல்ல இருக்கவன் ஏன்யா இப்படி நிதானமா போறான், ஏன் மறைவே இல்லாத வெட்டவெளி வழியா போறான், நெருப்பு மூட்டி உக்காந்து பேசிட்டிருக்கான்னு. பூனுக்கும் அதே சந்தேகம் வருது. ஃபிராங்க் வந்து பிடிக்கணும்னே இவன் போறானோன்னு கேக்குறான். அப்புறம்தான் தெரியுது, பிரிகேட்டுக்கு பில்லி வெறும் தூண்டில் புழு. அவனுக்கு வேண்டியது ஃபிராங்க். பிரிகேட் ஷெரிஃபா இருந்த காலத்துல ஃபிராங்க்க ஜெயில்ல போட்டிருக்கான், வெளிய வந்த ஃபிராங்க் இவன் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போயி ஒரு மரத்துல தூக்குல போட்டுட்டான். அந்த மரத்துக்குத்தான் இவன் இப்ப எல்லாரையும் கூட்டிட்டுப் போறான்.

என்ன தூங்க விடாத இடம் இது. ஃபிராங்க் துரத்திட்டே வரும்போது ஒரு கட்டத்துல புரிஞ்சுக்கிறான், தம்பிக்காக இல்ல, தனக்காகத்தான் இந்த வலைன்னு. ஆளுங்ககிட்ட சொல்றான், எப்பவோ அவனுக்கு ஒரு கெடுதல் பண்ணேன், கிட்டத்தட்ட மறந்தே போச்சுன்னு. கோவத்துல சொல்லல, பெருமையாவும் சொல்லல, பழைய கடன் ஞாபகம் வந்த மாதிரி சொல்றான். ஒருத்தனுக்கு அது ஒவ்வொரு நாளும் விடியுறதே அதுலதான், செஞ்சவனுக்கு அது பாதி மறந்த சங்கதி. பழிவாங்குற கதை எத்தனையோ பாத்துருக்கேன், இத இவ்ளோ சின்னதா, ஒரே வரில வெச்சுட்டுப் போன படம் வேற தெரியல.

பழையரீல் எழுதியது:

நல்ல பதிவு, ஆனா எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. பெட்டிக்கரும் ஸ்காட்டும் சேந்து ஏழு படம் பண்ணாங்க, 1956ல செவன் மென் ஃப்ரம் நவ்ல ஆரம்பிச்சு 1960ல கமான்ச்சி ஸ்டேஷன் வரைக்கும். அதுல நாலு படத்துல ஹீரோ பொண்டாட்டிய இழந்தவன். செவன் மென்ல கொள்ளையில செத்துப்போறா, டிசிஷன் அட் சன்டவுன்ல தற்கொலை, இதுல தூக்கு, கமான்ச்சி ஸ்டேஷன்ல கமான்ச்சிங்க கொண்டுபோயிட்டாங்க, பல வருஷமா தேடிட்டிருக்கான். வழில ஒரு பொண்ணு சேந்துக்குவா, வில்லன் ஹீரோவ விட கலகலப்பா பேசுவான், ராத்திரி காபி குடிப்பாங்க, கடைசில பாறை நடுவுல சண்டை. ஒண்ண பாத்தா மத்ததும் பாத்த மாதிரிதான்னு எனக்குத் தோணும். அதுவும் ஸ்காட் முகத்துல என்னைக்கு உணர்ச்சி தெரிஞ்சிருக்கு? அவரு 1898ல பிறந்தவரு, இந்தப் படம் எடுக்கும்போது அறுபது வயசு, மரக்கட்டை மாதிரி குதிரைல உக்காந்திருக்காரு.

அந்த மறந்து போச்சு வசனம் மட்டும் எனக்கும் பிடிக்கும், அத மறுக்கல.

ஒத்தையடிப்பாதை எழுதியது:

சார், ஒரே கதைன்னு நீங்க சொல்றது உண்மைதான், ஆனா அதையே நான் பலமா பாக்குறேன். ஒரே ராகத்த நாலு நாள் பாடுறவருகிட்ட நாலாவது நாள் என்ன புதுசா வருதுன்னுதானே போய் உக்காருறோம். டிசிஷன் அட் சன்டவுன்ல ஹீரோவோட பழியே தப்பான நம்பிக்கைல நிக்குது, பொண்டாட்டி பத்தின உண்மைய அவன் ஏத்துக்கவே மாட்டான், கடைசில குடிச்சுட்டு உடைஞ்சு போறான். கமான்ச்சி ஸ்டேஷன்ல பழியே கிடையாது, தேடல் மட்டும்தான். இதுல பழி நிறைவேறுது, ஆனா அதுக்கப்புறம் என்னங்குற கேள்வி நிக்குது. துக்கம் ஒண்ணு, அத சுமக்குற விதம் வேற வேற.

முகத்த பத்தி. அறுபது வயசு முகம் அது, வெயில்ல வெந்து கோடு விழுந்த முகம். எழுத்தாளர் அவருக்கு வசனத்த அள்ளிக் குடுக்கல, பேசுறதெல்லாம் பூனும் பில்லியும்தான். இவரு கேட்டுட்டு மட்டும் இருக்காரு. தன் பொண்டாட்டி கதைய சொல்ற நேரம் வரும்போது குரல் கூட மாறல, எனக்கு அதுதான் அடி வயித்துல இறங்குச்சு.

லைட்மேன்மகன் எழுதியது:

நான் சினிமால கேமரா டிபார்ட்மென்ட்ல இருக்கேன், எங்கப்பாவும் லைட் யூனிட்ல இருந்தவரு, அதனால இந்தப் படத்த பத்தி என் பக்கத்துலருந்து ஒண்ணு சொல்றேன்.

இது சினிமாஸ்கோப் படம். 1953ல ஃபாக்ஸ் கம்பெனி கொண்டுவந்த அகலத்திரை, பெரிய பெரிய படத்துக்குன்னே வந்த சங்கதி, படை, கோட்டை, ஆயிரம் பேர் கூட்டம் காட்டுறதுக்கு. அத அஞ்சு பேரும் பாறையும் மட்டும் இருக்குற சின்னப் படத்துக்கு எடுத்துருக்காங்க. ஒளிப்பதிவு சார்லஸ் லாட்டன் ஜூனியர், ஆர்சன் வெல்ஸோட தி லேடி ஃப்ரம் ஷாங்காய்ல வேலை பாத்தவரு, 3:10 டு யூமாவும் அவருதான், சாதாரண ஆள் கிடையாது. இப்ப கவனிங்க, அகலம் அதிகமா இருந்தா என்ன நடக்கும்னா, அஞ்சு பேரையும் ஒரே ஃப்ரேம்ல வரிசையா வெக்கலாம், யாரு யாரு பக்கத்துல நிக்கிறான், யாரு தள்ளி நிக்கிறான், யாரு கை துப்பாக்கி பக்கத்துல இருக்கு, எல்லாம் ஒரே ஷாட்ல தெரியும், ஒவ்வொருத்தர் முகத்துக்கும் தனித்தனியா க்ளோசப் எடுத்து லைட் மாத்தி ரிஃப்ளெக்டர் தூக்கி வெச்சு நேரம் ஓட்ட வேண்டாம். ரெண்டு மூணு வாரத்துல ஒரு படத்த முடிக்கணும்னா ஒரு நாளைக்கு எத்தன தடவை கேமராவ நகர்த்துறோம்ங்கறதுதான் கணக்கே. காசும் மிச்சம், நேரமும் மிச்சம், ஆனா பாக்குறவனுக்கு கிடைக்கிறது என்னன்னா யாருமே யாரையும் நம்பாத ஒரு கூட்டம் ஒரே கோட்டுல குதிரைல போகுது, அவங்க நடுவுல இருக்குற இடைவெளி கூடுறதும் குறையுறதும் நாமளே கண்ணால அளக்குறோம்.

குதிரைல போயிட்டே பேசுற காட்சிங்கள மட்டும் தனியா ஒரு தடவை பாருங்க. கேமரா கூடவே வண்டில ஓடுது, பேச்சு வெட்டாம போகுது, பின்னாடி மலை நகருது. ஓடுற குதிரை மேல ஒருத்தன் ரெண்டு நிமிஷம் வசனம் தப்பில்லாம பேசணும், பக்கத்து குதிரையும் முன்னாடி போயிரக் கூடாது பின்தங்கவும் கூடாது, கேமரா வண்டி குலுங்கக் கூடாது, எங்கயாவது ஒண்ணு சொதப்பினா மறுபடி எல்லாரும் பழைய இடத்துக்குத் திரும்பி வரணும். இன்னைக்கும் யூனிட்டு மொத்தமும் மூச்ச பிடிச்சுட்டு நிக்கிற வேலை அது.

மழைவிட்டநேரம் எழுதியது:

எல்லாரும் ஆம்பளைங்க பத்தியே பேசுறீங்க, மிஸஸ் லேன் பத்தி யாரும் சொல்லல. காரன் ஸ்டீல் நடிச்சது.

படத்துலயே என்ன உலுக்கின காட்சி அவங்களோடது. மெஸ்கலேரோங்கிற செவ்விந்திய ஆளுங்க பேரம் பேச வர்றாங்க, அந்தப் பொண்ணக் குடு, நாங்க ஒரு குதிரை தர்றோம்னு. பயத்த வெளிய காட்டக் கூடாதுன்னு நிக்கிறா. அப்பதான் அந்தக் குதிரைய பாக்குறா. அது அவ புருஷனோட குதிரை. அந்த ஒரு நொடில அவளுக்குத் தெரிஞ்சு போயிருது அவன் இனிமே வரமாட்டான்னு. புருஷன் முகத்த நமக்குப் படத்துல காட்டவே இல்ல, சாவையும் காட்டல, குதிரைய மட்டும் காட்டுறாங்க. காசு இல்லாததால காட்டலையா, வேண்டாம்னு காட்டலையா, எதுவா இருந்தாலும் அந்தக் குதிரை போதும்.

ஆனா அதுக்கப்புறம் அவளுக்கு என்ன குடுக்குறாங்க? புருஷன் செத்து ஒரு நாள் கூட ஆகல, பூனு அவளப் பாத்து ஏங்குறான், ராத்திரி தலை சீவுறத கேமரா நின்னு பாக்குது. இதே டைரக்டர் ஒரு இடத்துல வெளிப்படையாவே சொல்லிருக்காரு, கதாநாயகி எதத் தூண்டி விடுறாங்கறதுதான் முக்கியம், தன்னளவுல அவளுக்கு எந்த முக்கியத்துவமும் கிடையாதுன்னு. சினிமா ஆய்வாளர் லாரா மல்வி 1975ல எழுதின அந்தப் பிரபலமான கட்டுரைல இத எடுத்துக் காட்டிருக்காங்க, சினிமா பொண்ணுங்கள எப்படிப் பாக்குதுங்கறதுக்கு. இவ்ளோ நுணுக்கமா துக்கத்த எழுதத் தெரிஞ்சவங்க, ஆம்பளை துக்கத்துக்கு மொத்தப் படத்தையும் குடுத்துட்டு பொம்பளை துக்கத்துக்கு ஒரு குதிரைக் காட்சி மட்டும் குடுத்தது எனக்கு வருத்தம். ரெண்டு பேருமே துணைய இழந்தவங்க இல்லையா. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற காட்சில அது தொட்டுட்டு வருது, அதுக்குள்ள முடிச்சுட்டாங்க.

ஒத்தையடிப்பாதை எழுதியது:

அக்கா, நீங்க சொன்னதுக்கு என்கிட்ட மறுப்பே இல்ல. மூணு தடவை பாத்தும் அந்த ரெண்டு துக்கத்தையும் நான் பக்கத்துல வெச்சு யோசிக்கல. பிரிகேட் அவளப் பாத்து அதிகமா பேசாததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்னு இப்பத் தோணுது, அவளோட நிலமை தனக்கு நடந்ததோட மறுபக்கம்னு அவருக்குத் தெரியும்.

சியர்ராகாத்து எழுதியது:

நான் கலிஃபோர்னியால இருக்கேன், இந்தப் படம் எடுத்த இடத்துக்கு ரெண்டு தடவை போயிருக்கேன், அதனால உள்ள வர்றேன்.

லோன் பைன்னு ஒரு சின்ன ஊரு, லாஸ் ஏஞ்சல்ஸ்லருந்து வடக்க 395 ரோட்டுல மூணரை மணி நேரம் வண்டி ஓட்டணும். ஊருக்கு மேக்க அலபாமா ஹில்ஸ், அதுக்குப் பின்னாடி நேரா சுவரு மாதிரி சியர்ரா நெவாடா மலை, அதுல விட்னி சிகரம், 14,505 அடி. படத்துல தூரத்துல பனி தெரியுற மலை அதுதான். அலபாமா ஹில்ஸ் பாறைங்க கிரானைட், ஆனா உருண்டை உருண்டையா, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி, துருப்பிடிச்ச இரும்பு நிறம். கைய வெச்சு தேய்ச்சா மேல்தோல் பெரும்பெரும் மணலா உதிரும், கீழ நடந்தா அந்த உதிர்ந்த மணல்தான் காலடில நொறுங்கும். சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னாடி சீக்கிரமே இறங்கிரும், அஞ்சு நிமிஷத்துல குளிரு. படத்தோட ஆரம்பத்துல கேமரா பாறை உச்சிலருந்து இறங்கி, சந்து மாதிரி இருக்குற வழில பிரிகேட் தனியா குதிரைல வர்றத காட்டும்ல, அந்த மாதிரி சந்து அங்க நூறு இருக்கு. ஒரே இடத்துல நின்னு கேமராவ தெக்க திருப்புனா ஒரு நாடு, மேக்க திருப்புனா வேற நாடு. சின்ன கம்பெனிங்க அங்க ஏன் ஓடி ஓடி வந்தாங்கன்னு நின்னு பாத்தாதான் புரியும், செட்டு போட வேண்டியதே இல்ல. 1920லருந்து அங்க படம் எடுக்குறாங்க. 1939ல வந்த கங்கா தின் படத்துக்கு இந்தியாவோட வடமேற்கு எல்லையே இந்தப் பாறைங்கதான், கோயிலு கோட்டைன்னு கட்டி எடுத்துருக்காங்க. ஊருல வெஸ்டர்ன் படங்களுக்குன்னே ஒரு மியூசியமும் இருக்கு.

அலபாமா ஹில்ஸ்ங்கிற பேருக்கும் அந்த மாநிலத்துக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. அமெரிக்காவுல வடக்கும் தெற்கும் அடிச்சுக்கிட்ட உள்நாட்டுப் போர் சமயத்துல தெற்குப் பக்கம் சாய்வு உள்ள சுரங்கக்காரங்க அங்க இருந்தாங்க, அவங்க பக்கத்துப் போர்க்கப்பல் அலபாமா பேர இந்த மேட்டுக்கு வெச்சாங்க. 1864ல அந்தக் கப்பல வடக்கோட கியர்சார்ஜ் கப்பல் மூழ்கடிச்சதும், எதிர்த்தரப்பு சுரங்கக்காரங்க எதிர்ல இருக்குற மலைப்பக்கம் கியர்சார்ஜ்னு பேர் வெச்சுட்டாங்க. அந்த ரெண்டு பெயரும் இன்னைக்கும் மேப்ல பக்கத்துல பக்கத்துல இருக்கு.

அந்தத் தூக்கு மரத்த நானும் தேடினேன், கிடைக்கல.

வரப்புமேடு எழுதியது:

அந்த இடத்த பத்திப் பேச்சு வந்ததால இதையும் சொல்லணும். படத்துல வர்ற மெஸ்கலேரோங்க அப்பாச்சி இனத்துல ஒரு பிரிவு, அவங்க ஊரு நியூ மெக்சிகோ பக்கம். படத்துல ஒருத்தனுக்கும் பேரு கிடையாது, குன்று மேல வந்து நிப்பாங்க, தாக்குவாங்க, சாவாங்க. ஏன் கோவமா இருக்காங்கன்னு ஓரிரு வார்த்தைல சொல்லிட்டுப் போயிருவாங்க. வெள்ளைக்காரங்க ஆறு பேருக்கும் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு அவ்ளோ பொறுமையா எழுதினவங்க இவங்களுக்கு ஒரு நிமிஷம் குடுக்கல.

கேமரா நின்ன நிலத்தோட சொந்தக்காரங்க பையூட்ங்கிற பழங்குடி மக்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு அவங்க வெச்ச பேரு பாயஹூனாடூ, தண்ணி ஓடுற நிலம்னு அர்த்தம். 1863ல ராணுவம் ஆயிரத்துக்கு கிட்ட ஆளுங்கள அங்கருந்து தெக்க டெஹோன் கோட்டைக்கு நடத்தியே ஓட்டிட்டுப் போச்சு, வழில செத்தவங்க நிறைய. அப்புறம் 1913ல லாஸ் ஏஞ்சல்ஸ் கால்வாய் வெட்டி அந்தத் தண்ணியையும் கொண்டுபோயிட்டாங்க, ஓவன்ஸ் ஏரி வறண்டு போச்சு. லோன் பைனுக்கு வடக்க பத்து மைல்ல மான்ஸனார், 1942லருந்து 1945 வரைக்கும் ஜப்பானிய அமெரிக்கர்கள பத்தாயிரம் பேருக்கு மேல அடைச்சு வெச்ச முகாம். இதே மலைதான் அவங்களுக்கும் பின்னாடி தெரிஞ்சிருக்கு. நான் படத்த வெறுக்கல, நல்லா எடுத்த படம்தான், ஆனா அந்த வெட்டவெளிய காலி இடம்னு எனக்குப் பாக்க முடியல.

சியர்ராகாத்து எழுதியது:

நன்றிங்க. மான்ஸனார்ல காவல் கோபுரம் ஒண்ணு திரும்ப கட்டி வெச்சுருக்காங்க, 395லருந்தே தெரியும். லோன் பைன் போறவங்க அங்கயும் இறங்கிட்டுத்தான் போகணும்.

செகண்ட்ஷோ எழுதியது:

இழைல ஒருத்தர் பி படம்னா என்ன, இது அந்த வகையான்னு எனக்கு தனியா எழுதிக் கேட்டிருந்தாரு, பொதுவுலயே சொல்லிடறேன். முப்பதுகள்ல அமெரிக்க தியேட்டர்ல ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு படம் போடுறது வழக்கமாச்சு. பெரிய ஸ்டார் படத்துக்கு வசூல்ல பங்கு, கூட ஓடுற சின்னப் படத்துக்கு ஒரு நிலையான வாடகை மட்டும். ஆக சின்னப் படம் எவ்ளோ நல்லா இருந்தாலும் வர்ற பணம் அதே பணம், எவ்ளோ மோசமா இருந்தாலும் அதே பணம். அப்ப லாபம் வேணும்னா செலவ குறைக்கிறது ஒண்ணுதான் வழி. ரிபப்ளிக், மோனோகிராம் மாதிரி கம்பெனிங்க ஒரு மணி நேர வெஸ்டர்ன் படங்கள வாரக்கணக்குல அடிச்சுத் தள்ளினாங்க, ஒரே குதிரைத் துரத்தல் ஷாட்ட நாலு படத்துல ஒட்டுவாங்க. 1948ல சுப்ரீம் கோர்ட் பாரமவுண்ட் வழக்குல தீர்ப்பு குடுத்து, கம்பெனிங்க தியேட்டர்களையும் கைல வெச்சுக்கிட்டு படங்கள மொத்தக் கட்டா தலைல கட்டுறத நிறுத்திருச்சு. அடுத்து டிவி வந்துச்சு. 1959ல ராத்திரி நேர டிவில இருபது முப்பது வெஸ்டர்ன் தொடர் ஓடிட்டிருந்துச்சு, வீட்டுல சும்மா கிடைக்கறதுக்கு தியேட்டருக்கு எவன் வருவான்?

ரைடு லோன்சம் அந்தக் கடைசிக் காலத்துப் படம். சுத்தமான பி படம்னும் சொல்ல முடியாது, கலரு, ஸ்கோப்பு, பேர் தெரிஞ்ச ஹீரோ எல்லாம் இருக்கு, ஆனா செலவும் நாளும் சின்னப் படத்தோடது. ஸ்காட்டும் தயாரிப்பாளர் ஹாரி ஜோ பிரவுனும் கூட்டு, ரண்டால்ஃப்ல பாதி பிரவுன்ல பாதி சேத்து ரனோன்னு கம்பெனிக்குப் பேரு. ஹீரோவே முதலாளி பக்கம் இருந்ததால மேலருந்து ஆளு வந்து கைய விடல, அதான் இந்த மாதிரி ஒரு பேசாத ஹீரோவ வெச்சு எடுக்க முடிஞ்சிருக்கு. இந்தப் படத்துல நடிச்ச பெர்னல் ராபர்ட்ஸ் அதே வருஷம் பொனான்சா தொடருக்குப் போயிட்டாரு.

தூரத்துமணி எழுதியது:

யாரும் விட் பத்திப் பேசலயே! ஜேம்ஸ் கோபர்னுக்கு இதுதான் முதல் படம். அடுத்த வருஷமே மேக்னிஃபிசன்ட் செவன்ல கத்தி வீசுறவரா வந்துட்டாரு. இதுல ஒல்லியா, உயரமா, கொஞ்சம் மந்தமான பையனா வர்றாரு. பையன பெட்டிக்கருக்கு ரொம்பப் பிடிச்சுப்போயி, இவனுக்கு இன்னும் வசனம் எழுதுன்னு கென்னடிகிட்ட சொல்லி எழுத வெச்சிருக்காங்க.

அப்படி வந்த காட்சி ஒண்ணு இருக்கு. பூனு சொல்றான், மன்னிப்பு கிடைச்சதும் என் நிலத்துல நீயும் பாதிப் பங்காளின்னு. விட்டுக்கு நம்பவே முடியல. இத்தன வருஷம் கூடவே சுத்திருக்கான், தான் வெறும் எடுபிடின்னு நெனச்சிட்டிருந்திருக்கான். ஏன் எனக்குக் குடுக்குறேன்னு கேக்குறான். உன்ன எனக்குப் பிடிக்கும்டான்னு பூனு சொல்றான். அது எனக்குத் தெரியவே தெரியாதேன்னு விட் சொல்றப்ப கோபர்ன் முகத்த பாருங்க, சிரிக்கலாமா வேண்டாமான்னு தெரியாம நிக்கிற முகம். எங்க பெரியப்பா ஒருத்தரு பட்டறை வெச்சிருந்தாரு, பதினஞ்சு வருஷம் கூட வேலை பாத்தவருகிட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. சாகுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி சாவிய கைல குடுத்து நீதான் பாத்துக்கணும்னாரு, அந்த மனுஷன் வெளிய வந்து சுவரப் பாத்து நின்னுட்டிருந்தாரு. எனக்கு அந்த ஞாபகம்தான்.

புதுவெயில் எழுதியது:

அண்ணா, நான் இந்த மாதிரிப் படம் ஒண்ணு கூட பாத்ததில்ல, லீ வான் கிளீஃப்ப குட் பேட் அக்ளில பாத்துருக்கேன், அவ்ளோதான். எதுலருந்து ஆரம்பிக்கட்டும்? ரைடு லோன்சம்ம இன்னைக்கே பாத்துடவா?

ஒத்தையடிப்பாதை எழுதியது:

தம்பி, இன்னைக்கே பாரு. ஃபிராங்க்கா வர்றவரே வான் கிளீஃப்தான், இத்தாலி போயி பெரிய ஆளாகுறதுக்கு ஆறு வருஷம் முந்தி. கொஞ்ச நேரம்தான் வருவாரு, ஆனா அந்த மறந்து போச்சு வசனம் அவரோடது.

அடுத்தது செவன் மென் ஃப்ரம் நவ். ஜான் வெய்னோட பாட்ஜாக் கம்பெனி எடுத்தது, லீ மார்வின் வில்லன், மார்வின் தன் மேலருந்து நம்ம கண்ண எடுக்க விடமாட்டாரு. பிரான்ஸ்ல ஆந்த்ரே பாசான்ங்கிற விமர்சகர் 1957லயே அதப் பாத்துட்டு, வெஸ்டர்ன்னா இப்படித்தான் இருக்கணும்ங்கிற அளவுக்குக் கட்டுரை எழுதினாரு, அமெரிக்காவுலயே யாரும் கண்டுக்காத நேரத்துல. அப்புறம் அந்தப் படம் பல வருஷம் பாக்கவே கிடைக்காம பெட்டிக்குள்ள கிடந்துச்சு, 2000ல புதுப்பிச்சு எடுத்தாங்க. மூணாவதா தி டால் டி, எல்மோர் லெனார்ட் கதை. கமான்ச்சி ஸ்டேஷன கடைசியா வெச்சுக்கோ. கொலம்பியாவுக்குப் பண்ண அஞ்சு படமும் 2023ல கிரைட்டீரியன் நல்ல பிரின்ட்ல ஒரே பெட்டியா போட்டாங்க. பழைய மங்கின பிரின்ட்ல பாக்காத தம்பி, அந்தப் பாறை நிறம் போயிரும்.

பழையரீல் எழுதியது:

லைட்மேன்மகன் சொன்னத வெச்சு நேத்து மறுபடி போட்டுப் பாத்தேன். மரக்கட்டைன்னு எழுதினத வாபஸ் வாங்குறேன். பில்லி துப்பாக்கிய எடுத்து பிரிகேட் மேல நீட்டுற காட்சி, பூனு அதுல குண்டு இருக்கோ இல்லையோன்னு சந்தேகத்த கிளப்பி விடுவான், பையன் தடுமாறுவான். எல்லாரும் பில்லி, பூன் ரெண்டு பேரையுமே பாத்துட்டிருக்கோம், நான் இந்த தடவை ஸ்காட்ட மட்டும் பாத்தேன். அசையல. ஆனா அது நடிக்கத் தெரியாத அசையாமை இல்ல. செத்தாலும் பரவால்லன்னு இருக்கவனோட அசையாமையும் இல்ல, ஃபிராங்க் வர்ற வரைக்கும் செத்துரக் கூடாதுன்னு கணக்குப் போடுறவனோடது. அத முகத்துல காட்டாம காட்டிருக்காரு.

ஒரே கதைங்கறதுல மட்டும் நான் இன்னும் அங்கயேதான் நிக்கிறேன்.

முடிவுல சண்டை அவ்ளோ சுருக்கமா இருக்கும்னு நான் மறந்துட்டேன். பில்லிய கழுத்துல கயிறோட மரத்தடில குதிரைல உக்கார வெச்சிருக்கான், ஃபிராங்க் குதிரைய விரட்டிட்டு நேரா வர்றான், பிரிகேட் சுடுறான், ஃபிராங்க் விழுந்துட்டான். பேச்சு கிடையாது, ஏன் செஞ்சேன்னு கேள்வி கிடையாது, என் பொண்டாட்டி பேரு தெரியுமான்னு கேக்கல. இத்தன வருஷம் காத்திருந்தது ஒரு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. அப்புறம் பூனு வந்து நிக்கிறான், இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் சண்டைதான்னு நெனச்சு கைய தயாரா வெச்சிருக்கான். பிரிகேட் பில்லிய எடுத்துட்டுப் போன்னு குடுத்துடறான். பெட்டிக்கர் மத்த படங்கள்ல பலதுல இந்த மாதிரி கலகலப்பான ஆளு கடைசில செத்தாகணும், இதுல உயிரோட போறான். அது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

புதுவெயில் எழுதியது:

பாத்துட்டேன் அண்ணா. எங்கம்மாவும் கூட உக்காந்து பாத்தாங்க, சப்டைட்டில் வேகமா போறதால நான் நடுநடுவுல சொல்லிட்டே இருந்தேன். குதிரைக் காட்சில அம்மா அய்யோன்னுட்டாங்க, நான் சொல்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு.

கடைசில எல்லாரும் போனப்புறம் திரும்பிப் பாக்குறாங்கல்ல, புகை தெரியுது, அவரு அந்த மரத்த கொளுத்திட்டு முன்னாடி நிக்கிறாரு, கேமரா மேல போகுது, அவரு சின்னதா ஆகிட்டே போறாரு. படம் முடிஞ்சதும் அம்மா ஒண்ணு கேட்டாங்க. பொண்டாட்டிய தொங்க விட்ட மரத்த இத்தன வருஷம் ஏன் விட்டு வெச்சான், முன்னாடியே வெட்டிருக்கலாமேன்னு. எனக்குப் பதில் தெரியல.

ஒத்தையடிப்பாதை எழுதியது:

ஃபிராங்க்குக்கு மறந்து போச்சுல்ல தம்பி. அவனுக்கு ஞாபகப்படுத்த வேற என்ன இருந்துச்சு, அந்த மரம் ஒண்ணுதான். அவன் வந்து பாக்குற வரைக்கும் அது நிக்கணும்னு விட்டு வெச்சிருப்பான்.

அம்மாகிட்ட சொல்லு, இந்தக் கேள்வி எனக்கு மூணு தடவை பாத்தும் தோணலன்னு.